ராமநாதபுரத்தில் இறங்கிப் பாருங்கள்: சேதுச் சீமையில் சில நாட்கள்

வெள்ளி மாலை, ராமேஸ்வரம்

அம்மாவுக்கு ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வேண்டும், எனக்கு ராமநாதபுரம் அரண்மனையில் இருக்கிற சுவர் ஓவியங்களைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்துக்கொண்டோம். தங்குவது ராமேஸ்வரத்தில். நாளை சனிக்கிழமை விடியற்காலை ரயிலில் ராமநாதபுரம் போய், பகல் முழுக்க ஊரைச் சுற்றிவிட்டு ராத்திரி ரயிலில் திரும்புகிற ஒரு குழுவில் பெயர் கொடுத்திருக்கிறோம். கூட்டிப் போகிறவர் பணி ஓய்வு பெற்ற ஒரு வரலாற்று ஆசிரியர், அந்த ஊரிலேயே பிறந்து அங்கேயே பாடம் எடுத்தவர். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிவிடலாம் என்று இருக்கிறேன், ஊருக்குப் போய் எழுதினால் பாதி மறந்துவிடும்.

இன்றைக்குத் திருச்சியில் காலை ரயில் ஏறினோம். புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை வரைக்கும் தெரிந்த வழிதான். மானாமதுரைக்கு அப்புறம் நிலமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. வயல் குறைந்து, சீமைக்கருவேல முள் கூடி, நடுநடுவே வறண்ட கண்மாய், அதன் கரையில் வரிசையாகப் பனை. பரமக்குடி, சத்திரக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி என்று போகப் போக மண் வெளுத்து மணலாகிறது. பரமக்குடியில் ஒரு பெண்மணி ஏறி, பனை ஓலையில் கட்டிய நுங்கு விற்றார், அம்மா பேரம் பேசாமல் வாங்கியது அதை மட்டும்தான். மண்டபம் தாண்டியதும் பெட்டியில் இருந்த எல்லோரும் எழுந்து கதவுப் பக்கம் வந்துவிட்டார்கள்.

புதிய பாம்பன் பாலத்தை 2025 ஏப்ரல் 6ஆம் தேதிதான் திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். கப்பல் போவதற்காக நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி அப்படியே மேலே ஏறுகிறது, 17 மீட்டர் உயரத்துக்கு. நாட்டிலேயே இந்த வகையில் கடல் மேல் கட்டிய முதல் பாலம் இதுதான். பக்கத்திலேயே 1914இல் திறந்த பழைய பாலம் நின்றது, இரண்டு கைகளையும் இருபக்கம் தூக்குவதுபோல் பிளந்து கப்பலுக்கு வழிவிட்டது அது. அதைத் திறந்து மூட ஆட்கள் நின்று நெம்புகோல் பிடித்துச் சுற்றுவார்கள். 2022 டிசம்பரில் அதன் மேல் ரயிலை நிறுத்தினார்கள், அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலே இல்லை, மண்டபத்தோடு நின்றது. அதனால்தான் இப்போது பெட்டியில் இவ்வளவு சந்தோஷம். எதிர் இருக்கையில் வந்த பாம்பன் பெரியவர் ஒருவர், "ரெண்டு வருசத்துக்கு மேல மண்டபத்துல இறங்கி பஸ் மாறிப் போனோம் தம்பி, மூட்டையைத் தூக்கிக்கிட்டு" என்று சொல்லிவிட்டு, பாலம் முடிகிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

பாலத்தில் ரயில் மெதுவாகத்தான் போகிறது. காற்று ஓர் அளவைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகி ரயில் கரையிலேயே நிற்கும். இது தென்மேற்குக் காற்றுக் காலம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் சட்டை படபடவென்று அடிக்கிறது. வலது பக்கம் மன்னார் வளைகுடா, இடது பக்கம் பாக் நீரிணை. தண்ணீரின் நிறம் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஓடு முடிந்ததால் விசைப்படகுகள் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன, பாம்பன் பக்கம் படகுகள் நெருக்கியடித்து நின்றன.

ராமேஸ்வரத்தில் அறை கிடைத்து, குளித்து, சாப்பிட்டு, அம்மா தூங்கிவிட்டார். விடியற்காலையில் ஸ்டேஷனில் இருக்க வேண்டும்.

சனி இரவு, ராமேஸ்வரம்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

மதுரை போகிற பாசஞ்சரில் ஏறினோம். எங்கள் குழுவில் பத்துப் பதினைந்து பேர். ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம், கல்லூரிப் பிள்ளைகள் நான்கைந்து பேர், கோத்தகிரியிலிருந்து ஓர் அக்கா, அப்புறம் நாங்கள். வழிகாட்டி ஐயாவை எல்லோரும் சார் என்றே கூப்பிட்டோம், அவர் எல்லோரையும் தம்பி, அம்மா, பாப்பா என்று கூப்பிட்டார். ரயில் கிளம்பியதும் அவர் பேச ஆரம்பிக்கவில்லை. பாலம் தாண்டுகிற வரைக்கும் சும்மா இருந்துவிட்டு, மண்டபம் முகாம் ஸ்டேஷனில் ரயில் நின்றபோதுதான் தொடங்கினார்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழ்ச் சனங்களை நோய்ப் பரிசோதனைக்காக நிறுத்தி வைத்து அனுப்பிய இடம் இது. 1914க்குப் பிறகு சென்னையில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து ரயிலில் கொழும்பு, ஒரே டிக்கெட். போட் மெயில் என்று பெயர். 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, அதன்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களும் வந்து இறங்கித் தங்கியது இதே முகாமில். பின்னால் போருக்குத் தப்பி வந்த ஈழத்து மக்களுக்கும் இதுதான் முதல் கூரை. சார் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கோத்தகிரி அக்கா, "எங்கப்பா கப்பல்ல வந்து இங்கதான் சார் இறங்குனாரு, எனக்கு ரெண்டு வயசு" என்றார். பெட்டியில் யாரும் பேசவில்லை. சார் தன் குறிப்பு நோட்டை மூடி வைத்துவிட்டு அவரைப் பேசச் சொன்னார். உச்சிப்புளி வரும் வரைக்கும் அக்காதான் பேசினார்: முகாமில் கொடுத்த அரிசி, அங்கிருந்து நீலகிரிக்கு அனுப்பியது, அங்கேயும் தேயிலைதான் என்பது, அப்பா கடைசி வரைக்கும் கண்டி என்று சொல்லும்போது குரல் மாறுவது. இந்தப் பயணத்தில் நான் கேட்ட வரலாற்றில் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

ராமநாதபுரத்தில் இறங்கி, ஸ்டேஷன் பக்கத்திலேயே இட்லி, காபி. வெயில் ஏறுவதற்கு முன்னால் முதலில் லட்சுமிபுரம் போனோம். தாயுமானவர் சமாதி அங்கே இருக்கிறது.

திருச்சிக்காரனுக்கு இது தனி விஷயம். மலைக்கோட்டையில் தாயுமானவ சுவாமியைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சாமி பெயரையே வைத்துக்கொண்ட அந்தக் கவிஞர், திருச்சியில் இருந்து ஆண்ட மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதரிடம் வேலை பார்த்தவர். அரசர் இறந்த பிறகு அரண்மனைத் தொல்லை தாங்காமல் ஊரைவிட்டுக் கிளம்பி, கடைசியில் ராமநாதபுரம் வந்து அடங்கினார் என்று சொல்வார்கள். அம்மாவுக்கு அவர் பாட்டு நிறைய மனப்பாடம். யாரும் கேட்காமலே சன்னமான குரலில் பாடினார், சமாதியைப் பார்த்துக்கொள்கிறவர் தரையில் விரித்திருந்த பாயை அவருக்கு நகர்த்திப் போட்டார். நான் ராமநாதபுரத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்ததில் இது இல்லை. சார் திட்டத்தில் இதை முதலில் வைத்ததற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அங்கிருந்து அரண்மனை. ஆட்டோவில் ஏறி "அரண்மனை" என்று சொன்னால் போதும், ஊரின் நடுவே கடைத்தெரு நெரிசலுக்குள் வாசல். துணிக்கடை, பாத்திரக்கடை, பூ விற்கிறவர்கள், நடுவே ஒரு நுழைவாயில். கோட்டைச் சுவர் இப்போது இல்லை. இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகளின் தலைநகர் முதலில் போகலூரில் இருந்தது. கிழவன் சேதுபதி என்கிற ரகுநாத சேதுபதிதான் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை இங்கே மாற்றிக் கோட்டை கட்டினார், 1710இல் அவர் இறந்தார். கோட்டை கட்டியதில் கீழக்கரை வணிகர் வள்ளல் சீதக்காதியின் உதவி பெரியது என்று சொல்வார்கள். சேதுவுக்குக் காவல், அதுதான் அந்த வம்சத்தின் பட்டமும் வேலையும். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடக்கிற யாத்திரைக்காரர்கள் கள்ளர் பயமில்லாமல் கடல் வரைக்கும் போய்ச் சேர வேண்டும், படகு கிடைக்க வேண்டும், சத்திரத்தில் சோறு கிடைக்க வேண்டும். ராமேஸ்வரம் கோயில் இன்றைக்கு இருக்கிற மாதிரி இருப்பதற்குக் காரணம் இந்த ஊர்தான். நாம் என்ன செய்கிறோம், இந்த ஊரைத் தூங்கிக்கொண்டே தாண்டிப் போய்விடுகிறோம்.

அரண்மனையில் ஓவியங்கள் இருக்கிற ராமலிங்க விலாசம் வெளியே இருந்து பார்க்க அவ்வளவு பெரிய மாளிகை இல்லை. உயரமான மேடை, படி ஏறினால் பருத்த தூண்கள் நிற்கிற பெரிய மண்டபம், அதற்குப் பின்னால் உள் அறைகள், மேலே ஒரு அறை. இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. சிலைகள், ஆயுதங்கள். எறிந்து தாக்குகிற வளரியைக் காட்டி சார் கொஞ்ச நேரம் பேசினார், கல்லூரிப் பிள்ளைகள் அதை விட்டு நகரவே இல்லை. நான் மட்டும் தலையை நிமிர்த்திக்கொண்டே நடந்தேன்.

சுவர், தூண், வளைவு, விதானம் எல்லாவற்றிலும் படம். முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை, கிழவனுக்கு அடுத்து வந்து 1725 வரை ஆண்டவர். சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம். ராமாயணம் ஒரு பக்கம்: தசரதன் வேள்வி செய்கிறான், பாயசம் வருகிறது, பிள்ளைகள் பிறக்கிறார்கள், கட்டம் கட்டமாக. கண்ணன் கதை இன்னொரு பக்கம். சில படங்களுக்குக் கீழே தமிழில் எழுத்து இருக்கிறது, சார் விரலைச் சுவரில் படாமல் காற்றில் ஓட்டிக்கொண்டே படித்துக் காட்டினார்.

சாமிக் கதையோடு ராஜாவின் கதையும் அதே சுவரில் ஓடுகிறது, இதைத்தான் நான் பார்க்க வந்தேன். ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிறாள். அவள் கோயில் இதே அரண்மனை வளாகத்தில்தான் இருக்கிறது, நவராத்திரி இங்கே பெரிய விழா. இன்னோர் இடத்தில் தஞ்சாவூர் மராட்டியப் படையோடு போர். குதிரை, பீரங்கி, விழுந்து கிடக்கிற ஆட்கள், யாரும் யாரையும் போல இல்லை, ஒவ்வொரு முகமும் தனி. தொப்பி வைத்த ஐரோப்பியர்கள் வந்து சேதுபதியைப் பார்க்கிறார்கள். அப்புறம் ஒரு படம், அதில் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் சேதுபதியின் தலையில் மணிகளைக் கொட்டி ரத்தின அபிஷேகம் செய்கிறார். காலையில் யாரிடம் வேலை பார்த்த கவிஞரின் சமாதியில் உட்கார்ந்திருந்தோமோ அதே எங்கள் ஊர் நாயக்கர், கொண்டை, மெல்லிய துணி, இடுப்பில் குத்துவாள் சகிதம் இங்கே சுவரில் நிற்கிறார். நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு ராஜா இங்க வந்து மரியாதை பண்ணிருக்காரு பாரு" என்றார். படம் வரையச் சொன்னவருக்கும் வேண்டியது அதுவேதான்: மதுரைக்கு அடங்கிய பாளையம் இல்லை நான், நாயக்கரே வந்து கௌரவிக்கிற அரசன் என்று வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிற இடத்தில் எழுதி வைத்தது.

மேல் அறை ஓவியங்கள் ராஜாவின் அந்தரங்க வாழ்க்கை: அந்தப்புரம், வேட்டை, பாட்டு, பெண்கள் உடல் பின்னி யானை வடிவம் ஆவது. அங்கே கூட்டமாக நிற்க இடம் போதாது, சீக்கிரம் இறங்கிவிட்டோம்.

ஓவியங்களில் சில இடங்களில் சாயம் உதிர்ந்திருக்கிறது, கை எட்டுகிற உயரத்தில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். முந்நூறு வருடம் நின்ற ஒரு முகத்தின் மேல் ஆணியால் இதயம் வரைந்து ஒரு பெயர். எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து வாசலிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள், சுவரில் சாயக்கூட வேண்டாம், முதுகு வியர்வை படும்.

சார் அதற்கப்புறம் எங்களைப் படியில் உட்கார வைத்து 1798ஐச் சொன்னார். கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனைப் பேச வரச் சொல்லி, ஊர் ஊராகப் பின்னாலேயே அலைய வைத்து, கடைசியில் செப்டம்பர் 10ஆம் தேதி இந்த ராமலிங்க விலாசத்தில் பார்த்தார். பேச்சு முற்றியது, வெளியேறும்போது வாசலில் கைகலப்பு, லெப்டினன்ட் கிளார்க் செத்தார், தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார், கட்டபொம்மன் தப்பினார். அடுத்த வருடம் அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கு. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சில அடி தூரத்தில் நடந்தது அது. அப்போது இங்கே சேதுபதி இல்லை என்பதையும் சார் சேர்த்துச் சொன்னார். 1772 ஜூனில் ஆற்காடு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். அதே மாதம் காளையார்கோவிலில் சிவகங்கை முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார், அவர் மனைவி வேலு நாச்சியார் இந்த அரண்மனையில் பிறந்த பெண். சிறு பிள்ளையாக இருந்த முத்துராமலிங்க சேதுபதியைத் திருச்சிக் கோட்டையில் கொண்டுபோய் அடைத்தார்கள். பிறகு விட்டார்கள், 1795இல் மறுபடி பட்டத்திலிருந்து இறக்கி சிறை வைத்தார்கள், 1809இல் சிறையிருப்பிலேயே முடிந்தது அவர் வாழ்க்கை. மலைக்கோட்டைத் தெருக்களில் நான் எத்தனை வருடம் நடந்திருக்கிறேன், அங்கே ஒரு சின்னப் பையனாக இந்த ராஜா சிறை இருந்ததை எந்தப் பலகையிலும் படித்ததில்லை.

கிழவன் சேதுபதியைப் பற்றிக் கல்லூரிப் பெண் ஒருத்தி நல்ல கேள்வி கேட்டாள்: முஸ்லிம் வணிகரோடு அவ்வளவு நட்பாக இருந்தவர் ஏன் பாதிரியார் அருளானந்தரைக் கொல்லச் சொன்னார்? சார் மழுப்பாமல் பதில் சொன்னார். அரச குடும்பத்துத் தடியத்தேவர் அருளானந்தரிடம் கிறிஸ்தவரானதும் ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண், அரண்மனைக்குள் கோபம் மூண்டது. தடியத்தேவர் அரியணைக்கு உரிமை கோரக்கூடியவர் என்பதும் சேர்ந்துகொண்டது. ஜான் டி பிரிட்டோ என்கிற அருளானந்தரை 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டினார்கள். ஓரியூர் இதே மாவட்டம், இன்றைக்கும் எல்லா மதத்தவரும் போகிறார்கள். ஒரே அரசனைப் பற்றி இரண்டையும் சொன்னால்தான் வரலாறு, ஒன்றை மட்டும் சொன்னால் அது மேடைப் பேச்சு என்றார் சார். நான் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாடு ஒரு மெஸ்ஸில். குழுவில் மற்றவர்களுக்கு நண்டும் மீன் குழம்பும், அம்மாவும் நானும் நாளன்றைக்குத் தீர்த்தமாட இருப்பதால் சாம்பார், கத்தரிக்காய்க் கூட்டு. தொட்டுக்கொள்ள வந்த மிளகாய் வற்றல் குண்டாக, உருண்டையாக இருந்தது. இந்தச் சீமையின் முண்டு மிளகாய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. மழையை மட்டும் நம்பி இந்தக் கரிசல் காட்டில் விளைவது.

சாயங்காலம் பாஸ்கர சேதுபதியைப் பற்றிய பேச்சு. 1893இல் விவேகானந்தர் சிகாகோ போக உதவியவர், 1897 ஜனவரி 26 அன்று அவர் திரும்பி வந்து பாம்பன் குந்துகாலில் இறங்கியபோது வரவேற்று, வண்டியைத் தானும் சேர்ந்து இழுத்தவர். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் தொடங்கியபோது தோள் கொடுத்தவர். அள்ளி அள்ளிக் கொடுத்து ஜமீனைக் கடனில் விட்டுவிட்டு 1903இல், முப்பத்தைந்து வயதில் இறந்தார்.

இருட்டிய பிறகு மதுரையிலிருந்து வந்த பாசஞ்சரில் ஏறினோம். பாலத்தின் மேல் வந்தபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை, காற்றுச் சத்தம் மட்டும். கோத்தகிரி அக்கா மண்டபம் முகாம் வந்தபோது எழுந்து போய்க் கதவுப் பக்கம் நின்றார்.

ஞாயிறு இரவு, ராமேஸ்வரம்

இன்றைக்கு வழிகாட்டி கிடையாது, நாங்களே பஸ் பிடித்துப் போனோம். நேற்று சீதக்காதி பெயரை அவ்வளவு கேட்ட பிறகு கீழக்கரை போகாமல் இருக்க முடியவில்லை. ராமநாதபுரம் போய் பஸ் மாறி, வழியில் திருப்புல்லாணியில் இறங்கினோம். ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயில், திருமங்கையாழ்வார் பாடிய தலம். கடலரசனிடம் வழி கேட்டு ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்துக் கிடக்கிற கோலம் இங்கே தனிச் சன்னதி. பிள்ளை வேண்டி வருகிறவர்களுக்குப் பாயசம் பிரசாதம். நாங்கள் போன நேரம் கூட்டமில்லை, நிதானமாகக் கும்பிட்டோம்.

கீழக்கரை அதற்கும் தெற்கே, கடலை ஒட்டி. குறுகலான தெருக்கள், வெளித்திண்ணை வைத்த பழைய வீடுகள், உள்ளே எவ்வளவு ஆழம் போகிறது என்று வெளியே தெரியாது. முத்தும் சங்கும் அரிசியும் கப்பலும் கைமாறிய ஊர். இங்கே பழைய ஜும்ஆ பள்ளி இருக்கிறது. நபிகள் காலத்திலேயே கட்டியது என்பது ஊர் மரபு. நடுத்தெருவில் இருக்கிற ஜும்ஆ பள்ளி 17ஆம் நூற்றாண்டில் சீதக்காதி கட்டியது, அவர் அடக்கமாகியிருப்பதும் அங்கேதான். தொழுகை நேரம் முடிந்த பிறகு அனுமதி கேட்டுப் போனேன், அம்மா முன்பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் எந்தக் கோயில் மண்டபத்தில் நிற்கிறோம் என்று தோன்றும். கருங்கல் தூண், மேலே போதிகை, பூ வேலை, எல்லாம் நம் ஸ்தபதிகள் செய்கிற அதே வேலை. உருவம் மட்டும் எங்கேயும் கிடையாது, கொடியும் பூவும் கோலமும்தான். ராமேஸ்வரத்தில் தூண் நிறுத்தத் தெரிந்த கைகள்தான் இங்கேயும் வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறேன். செய்கு அப்துல் காதிர் என்பது சீதக்காதியின் பெயர். கிழவன் சேதுபதி அவருக்குத் தன் பெயரையே சேர்த்து விஜயரகுநாதப் பெரியதம்பி மரைக்காயர் என்று பட்டம் கொடுத்தார். உமறுப் புலவரை ஆதரித்து, நபிகள் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடவைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று சின்ன வயதிலிருந்து பேச்சில் கேட்டிருக்கிறேன், அந்த மனிதரின் அடக்கத்தலத்துக்கு முன்னால் நின்றது இன்றைக்குத்தான்.

பள்ளிவாசலில் பேச்சுக் கொடுத்த பெரியவர் ஒருவர், நாங்கள் திருச்சி என்றதும் நத்ஹர்வலி தர்கா பற்றி விசாரித்தார். கிளம்பும்போது, "அம்மாவுக்குத் தொதல் வாங்கிட்டுப் போங்க தம்பி" என்று கடைக்கு வழியும் காட்டினார். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் போட்டு மணிக்கணக்காகக் கிண்டுகிற அல்வா. வாயில் போட்டால் கருப்பட்டி வாசம் நெடுநேரம் நிற்கிறது. அம்மா பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து வாங்கிவிட்டார்.

ஏர்வாடியும் உத்தரகோசமங்கையும் பக்கம்தான். மரகத நடராசர் வருடம் முழுக்கச் சந்தனக் காப்பில் இருப்பார், மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் களைவார்கள், அப்போது வரலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

திங்கள் இரவு, ராமேஸ்வரம்

அம்மாவின் நாள். விடியற்காலையில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு, அப்புறம் ஈரத்தோடு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம். கிணற்று மேட்டில் நிற்கிறவர் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டே இருக்கிறார், நாம் அடுத்த கிணற்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறோம். ஈரக் கல் வழுக்கும், வயதானவர்களைக் கையைப் பிடித்தே கூட்டிப் போங்கள். அம்மா ஒரு கிணற்றைக்கூட விடவில்லை.

உலர்ந்த துணி மாற்றித் தரிசனம் முடித்து, மூன்றாம் பிராகாரத்துக்கு வந்தோம். உலகம் முழுக்கப் படத்தில் பார்க்கிற பிராகாரம், 1212 தூண் என்று கணக்கு. முன்பு இங்கே வந்தபோதெல்லாம் நீளத்தைப் பார்த்து வியந்துவிட்டுப் போயிருக்கிறேன். இன்றைக்கு நடக்கும்போது வேறு யோசனை. இந்தத் தீவு மணலும் பவளப்பாறையும்தான், கருங்கல் கிடையாது. ஒவ்வொரு கல்லும் கரையிலிருந்து கடலைத் தாண்டி வந்திருக்க வேண்டும், பாலம் இல்லாத காலத்தில், இந்தக் காற்றில், இந்த நீரோட்டத்தில். 18ஆம் நூற்றாண்டில் முத்து விஜயரகுநாத சேதுபதி தொடங்கி, முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்த வேலை என்கிறார்கள். சுவர் ஓவியத்தில் மணி அபிஷேகம் வாங்கிக்கொண்டு நின்றாரே அவர் தொடங்கியது, திருச்சியில் சிறை இருந்தாரே அவர் பெயரில் நிறைவேறியது. தூண்களில் கைகூப்பி நிற்கிற சேதுபதிகளின் சிலைகளை இன்றைக்குத்தான் முகம் முகமாகப் பார்த்தேன்.

மத்தியானம் தனுஷ்கோடி. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை போட்ட பிறகு பஸ்ஸிலேயே போகலாம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஊருக்குச் சற்று முன்னால் கடலோடு போனது, உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. தேவாலயத்தின் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், அவ்வளவுதான். பாம்பன் பாலமும் அந்தப் புயலில் பெயர்ந்தது, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைச் சீர்செய்தார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பி வரவில்லை. இடிபாட்டுச் சுவர்களில் ஏறிப் படம் எடுக்கிறவர்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை, சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போக நினைக்கிறவர்களுக்கு: ராமேஸ்வரத்துக்கு ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தால் அதை மாற்ற வேண்டாம். அங்கே தங்கிக்கொண்டு விடியற்காலை மதுரை பாசஞ்சரில் ராமநாதபுரம் போய்வருவதுதான் வசதி, கூட்டமும் இருக்காது, கட்டணமும் மிகக் குறைவு. அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். உள்ளே போனால் குறைந்தது இரண்டு மணி நேரம் வையுங்கள், கழுத்து வலிக்கும், பரவாயில்லை. கூட ஒரு உள்ளூர் ஆசிரியர் வந்தால் நல்லது, சுவர் அப்போதுதான் பேசும். நவராத்திரிக்குப் போனால் ராஜராஜேஸ்வரி அம்மன் விழாவையும் சேர்த்துப் பார்த்துவிடலாம், அம்மா இப்போதே அதற்கு என்னிடம் டிக்கெட் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நாளைக் காலை ரயில் ஏறியதும் முதல் வேலை அதுதான்.